பதில் வராத றேடியோ

போன வருடத்துக்கு முந்தின வருடக் கோடையில் நடந்தது இது. ரொறன்ரோவிலிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம் மேற்கே போனால், சோளக் காணிகளுக்கு நடுவில் ஒரு கார் ஓட்டத் திடல் இருக்கிறது. முட்டை வடிவத்தில் ஒரு தார்ப்பாதை, அதைச் சுற்றிக் கொங்கிறீற் சுவர், ஒரு பக்கம் முழுக்கப் பார்வையாளர் படிகள். அந்தப் படிகளுக்கு மேலே இருந்த கூரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் நின்றுகொண்டிருந்தேன். கீழே என் தம்பி கார் ஓடிக்கொண்டிருந்தான்.

ஸ்ரொக் கார் ஓட்டம் என்று சொன்னால் எங்கள் ஆட்களில் பலருக்குப் பிடிபடாது. வெளியிலிருந்து பார்த்தால் வீதியில் போகிற சாதாரணக் கார் மாதிரித்தான் இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் இரும்புக் குழாய்களால் கட்டிய ஒரு கூடு, அதற்குள் ஒரேயொரு இருக்கை. கதவு திறக்காது. யன்னலால்தான் ஏறி இறங்க வேண்டும். அந்த யன்னலுக்கும் கண்ணாடி இல்லை, ஒரு வலைதான். இருபது முப்பது கார்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றிக்கொண்டிருக்கும். "சும்மா வட்டமாச் சுத்துறதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. தம்பி சிரிப்பானே தவிர விளக்கம் சொல்ல மாட்டான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் முதலில் குடியிருந்தது ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில். தம்பி அப்போது மிகவும் சின்னவன். வருடத்தில் ஒருமுறை ஏரிக்கரைப் பக்கம் வீதிகளை மறித்துக் கார் ஓட்டம் நடக்கும். அந்த இரைச்சல் எங்கள் வீட்டு யன்னல் வரைக்கும் வரும். அம்மாவுக்கு அது குண்டு போடுகிற விமானத்தின் சத்தம். யன்னலை அடித்துச் சாத்திவிட்டு எங்களை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போவா. தம்பி மட்டும் கையை உதறிக்கொண்டு திரும்பி ஓடிப்போய்த் திறப்பான். அவன் பிற்காலத்தில் என்ன ஆகப்போகிறான் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். வளர்ந்து ஸ்காபரோவில் ஒரு கராஜில் மெக்கானிக்காக வேலைக்குப் போனான். சனிக்கிழமைகளில் சின்னத் திடல்களில் ஓடத் தொடங்கினான். பிறகு மெல்ல மெல்ல, நாடு முழுக்கப் போய் ஓடுகிற தொழில்முறை ஓட்டக்காரர்களுக்கு நடுவில் அவனும் ஒருவன் ஆகிவிட்டான்.

நான் அவனுடைய ஸ்பொற்றர். அதாவது அவனுடைய கண். ஓட்டக்காரன் இருக்கையோடு இருக்கையாகப் பட்டிகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருப்பான். ஹெல்மெற்றைத் திருப்பிப் பக்கத்தில் பார்க்க முடியாது. பக்கத்தில் யார் வருகிறார்கள், பின்னால் யார் நெருங்குகிறார்கள், முன்னுக்கு யாராவது சுழன்று நிற்கிறார்களா என்பதையெல்லாம் உயரத்தில் நின்று பார்த்து றேடியோவில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஒவ்வொரு காருக்கும் அப்படி ஒருவர் கூரையில் நிற்பார். நான் வார நாட்களில் மிசிசாகாவில் விமான நிலையத்துப் பக்கம் சரக்கு அனுப்புகிற ஒரு கந்தோரில் வேலை செய்பவள். இந்த வேலைக்கு வேறு ஒருவரைப் பிடி என்று அவனிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "அக்கா, வேற ஆக்கள் இங்கிலிசிலை சொன்னா நான் ஒருக்கா யோசிக்க வேணும். நீங்கள் தமிழிலை சொன்னா கை தானாத் திரும்பும்" என்பான்.

அதனால் எங்கள் றேடியோவில் தமிழ்தான். "உள்ளுக்கு ஒருத்தன். கதவடியிலை. கதவடியிலை. போயிட்டான், கிளியர்." உட்பக்கம் ஒரு கார் ஒட்டி வருகிறது, பிறகு போய்விட்டது என்று அர்த்தம், இவ்வளவுதான் பேச்சு. படிகளில் இருக்கிற பார்வையாளர்கள் சின்ன வானொலிப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து எல்லா அணிகளின் பேச்சையும் கேட்பார்கள். மற்ற ஸ்பொற்றர்களும் கேட்பார்கள். எங்களுடையதைக் கேட்டு யாருக்கும் பிரயோசனம் இல்லை. இதில் எரிச்சல்பட்டவர் எனக்குப் பக்கத்தில் நிற்கிற ஸ்பொற்றர். செந்தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், என் வயதுதான் இருக்கும். சூரியகாந்தி விதையைச் சப்பிச் சப்பிக் கோதை ஒரு கோப்பைக்குள் துப்பிக்கொண்டே இருப்பார். நாங்கள் இரகசியப் பாஷை பேசுகிறோம் என்று ஓட்டத்தை நடத்துகிற அதிகாரிகளிடம் போய் முறையிட்டவர் அவர். அவர்கள் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எந்தப் பாஷையிலும் பேசலாம் என்று முடிந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கூரையில் பக்கத்தில் பக்கத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நின்றோம். ஒரு காலை வணக்கம்கூட அவர் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

தம்பியின் மனைவி, என் மச்சாள் (அவளுக்கு நானும் மச்சாள்தான்), யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள். ஒருநாளும் ஓட்டம் பார்க்க வந்ததில்லை. ரீவியில் காட்டினாலும் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். அன்று காலையில் வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய அப்பார்ட்மென்ட் வாசலில் நான் தம்பியை ஏற்றப் போனபோது, இடியப்பப் பெட்டியைக் கையில் தந்துவிட்டு, "மச்சாள், நீங்களும் சேர்ந்துதானே இந்த ஆட்டம் ஆடுறியள்" என்று மட்டும் சொன்னாள். பகிடியாகச் சொன்னாளா, மனதிலிருந்ததைச் சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை.

ஓட்டம் தொடங்கிப் பாதியைத் தாண்டியிருந்தது. தம்பி நடுவிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகத் தாண்டி முன்னுக்கு வந்துகொண்டிருந்தான். வெயில் கடுமை. தாரும் ரயரும் எரிகிற மணம் கூரை வரைக்கும் ஏறி வந்தது. அவன் குரலில் சந்தோசம் இருந்தது. "அக்கா, கார் நல்லா இருக்கு. ஜஸ்ற் ரெல் மீ வென்" என்றான். எப்போது முந்தலாம் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் என்று அர்த்தம். அவன் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவைதான்.

அவனுக்கு முன்னால் போன காரின் ரயர் வெடித்தது. வளைவின் நடுவில். அந்தக் கார் சுவரில் அடித்துத் திரும்பி வந்தது, தம்பியின் கார் அதில் மோதிச் சுழன்று குறுக்கே நின்றது, பின்னால் புகைக்குள்ளிருந்து வந்த மூன்றாவது கார் நேராக அவனுடைய கதவில் இடித்தது. இதை எழுத இவ்வளவு சொற்கள் தேவைப்படுகின்றன. நடந்தபோது நான் றேடியோப் பட்டனை அமத்தி வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாருடைய பிழையும் இல்லை என்று விசாரித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வீடியோவை நானும் பார்த்தேன். உண்மையிலேயே யாருடைய பிழையும் இல்லை. கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது.

விபத்து நடந்தால் ஓட்டக்காரன் முதலில் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது. யன்னல் வலையைக் கழற்றிக் கீழே விடுவான். எனக்கு ஒன்றும் இல்லை, அவசரப்பட வேண்டாம் என்பதற்கு அதுதான் அடையாளம். ரயர் வெடித்த காரின் வலை விழுந்தது. இடித்த காரின் வலையும் விழுந்தது. நான் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துத் தம்பியின் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலை இறங்கவில்லை.

"தம்பி, கேக்குதோ? தம்பி. பட்டனை அமத்து. தம்பி."

சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள். எல்லாக் கார்களும் நின்றுவிட்டன. அவ்வளவு பெரிய திடலில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. நான் ஏணியை நோக்கி ஓடினேன். ஓடினேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் செந்தாடிக்காரர்.

"போகாதே. இங்கிருந்துதான் உன்னால் அவனுடன் பேச முடியும்," என்றார் ஆங்கிலத்தில். "பேசு. அவனுக்குக் கேட்கும்."

"பதில் வரேல்லை" என்று நான் தமிழில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"பதில் வராவிட்டாலும் கேட்கும். நிறுத்தாதே. பேசிக்கொண்டே இரு."

தன்னுடைய ஹெட்செற்றைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, என் தோளுக்கு மேலால் கையைப் போட்டு என்னைக் கூரையின் நடுவிலிருந்த பெட்டி ஒன்றில் இருத்தினார். கையை எடுக்கவேயில்லை. பாரமான கை.

நான் பேசத் தொடங்கினேன். முதலில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிறகு, வழமையாக நான் செய்கிற வேலையைத்தான் செய்தேன். அவனால் பார்க்க முடியாததை எல்லாம் பார்த்துச் சொன்னேன். "தம்பி, ரெண்டு ட்ரக் வந்திட்டுது. ஆக்கள் இறங்கீட்டினம். ஒருத்தர் உன்ரை யன்னலடியிலை. வலையைக் கழட்டுறார். தலையை ஆட்டாதை, அவர் பிடிப்பார். இப்ப காரின்ரை கூரையை வெட்டப் போகினம், பெரிய சத்தம் வரும். பயப்பிடாதை. அது வெட்டுற சத்தம்தான்." தீப்பொறி பறந்தது தெரிந்தது. அதையும் சொன்னேன்.

பிறகு அவர்கள் காரைச் சுற்றித் துணி பிடித்து மறைத்துவிட்டார்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. நான் வாயை மூடியதும் தோளில் இருந்த கை அழுத்தியது. மறுபடி தொடங்கினேன். பார்க்டேல் வீட்டு யன்னலைப் பற்றிச் சொன்னேன். அவன் முதன்முதலாக அம்மாவின் காரைக் கொண்டுபோய்ப் பனிக்குள் புதைத்த கதையைச் சொன்னேன். இடியப்பம் சாப்பிடாமலே கிடக்கிறது, கொண்டு போனால் உன் மனுசி என்னைத்தான் ஏசுவாள் என்றேன். அழவில்லை. என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரிக் கேட்டது. "நான் இங்கைதான் நிக்கிறன். ஒரு இடமும் போகேல்லை. நான் நிக்கிறன்" என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கீழே படிகளில் இருந்தவர்களில் பாதிப்பேராவது வானொலிப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டிருப்பார்கள். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் ஒருவரும் அசையவில்லை.

ஹெலிகொப்ரர் வந்து திடலின் நடுவில் இருந்த புல்லில் இறங்கியது. அவனை ஏற்றிக்கொண்டு மேலே எழும்பும்வரைக்கும் நான் பட்டனை விடவில்லை. விரல் மரத்துப் போயிருந்தது. செந்தாடிக்காரர்தான் என் விரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டார். என்னை ஏணியால் இறக்கி, ஒரு பெண் அதிகாரியின் கையில் ஒப்படைத்துவிட்டு மேலே போய்விட்டார். நாங்கள் வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்னால் கார்கள் எல்லாம் ஒரேயடியாக உயிர்பெற்றுக் கிளம்புகிற சத்தம் கேட்டது. மிச்ச ஓட்டம் தொடங்கிவிட்டது. அதுதான் அங்கு வழமை. எனக்கும் அது தெரியும். வேறு யாருக்கோ நடந்தபோது நானும் அந்தக் கூரையில் நின்று மிச்ச ஓட்டத்தைப் பார்த்தவள்தான்.

ரொறன்ரோவில் பெரிய ஹொஸ்பிற்றல் ஒன்றில் அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். உயிர் இருந்தது. மச்சாள் வந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நாட்கணக்காக அப்படியே இருந்தோம். கோப்பி வாங்கி வந்து கொடுத்தால் எடுத்துக் குடிப்பாள். ஒரு சொல் பேச மாட்டாள். அவள் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். பேசாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஒருநாள் நேர்ஸ் அவனைத் துடைத்துவிட்டுப் போனபின், அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "கடைசியா என்ன சொன்னவர் மச்சாள்?"

கார் நன்றாக இருக்கிறது என்று சொன்னான் என்றேன். அதன்பிறகு என்னை அறியாமலே மிச்சமும் சொன்னேன். அவன் ஒரு நிமிசம்கூடத் தனியாகக் கிடக்கவில்லை, வெட்டி எடுக்கும்வரைக்கும் நான் அவன் காதுக்குள் பேசிக்கொண்டே இருந்தேன் என்றேன். அவள் முகம் உடைந்தது. "என்ன சொன்னனீங்கள்?" என்றாள். நான் முழுதையும் சொன்னேன். இடியப்பக் கதை வந்தபோது சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று எழும்பிக் கட்டிலைச் சுற்றி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ தரம், கதை கேட்கிற குழந்தை மாதிரி, அதைத் திரும்பவும் சொல்லச் சொல்லுவாள். நானும் சொல்லுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நாட்களில் பிடித்துக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

சில கிழமைகள் கழித்துத் தம்பியின் கார் வேலைகளைப் பார்க்கிற கூட்டாளி ஹொஸ்பிற்றலுக்கு வந்தான். எங்கள் ஆள்தான், மட்டக்களப்பு. மச்சாள் வீட்டுக்குப் போயிருந்த நேரம். நடைபாதையில் என்னோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். விபத்தன்று அவன் தடையை மீறிச் சுவரைத் தாண்டி ஓடிப்போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றவன். அதைச் சொல்லிக்கொண்டு வரும்போது கண் கலங்கினான்.

"அக்கா, நீங்க கதைச்சதை நான் கேட்டன். மீட்புக்காரங்க வந்த உடனே ஹெல்மெற் றேடியோ வயரக் கழட்டி, காதுக்குள்ள இருந்ததையும் இழுத்து எறிஞ்சிட்டாங்க. அது காருக்கு வெளிய தொங்கிக்கொண்டு கிடந்தது. நீங்க கதைக்கிறது அதுக்குள்ளால சின்னதா, நுளம்பு இரையிற மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னால தாங்க ஏலாமப் போச்சு அக்கா."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். 

எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விசயம் அது. ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் மீட்புக் குழுவினர் எங்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் செய்து காட்டுவார்கள். முதலில் வயர், பிறகு பட்டி, பிறகு ஆள். வயர் இருந்தால் கழுத்தை இழுக்கும். நான் கைகட்டி நின்று அதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்திருந்தும் தெரியாமல் இருந்திருக்கிறேன். "தலையை ஆட்டாதை" என்று நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கலாம். கூரை வெட்டுகிற சத்தம் என்று சொன்னது, பார்க்டேல், பனி, நான் நிற்கிறேன் என்றது ஒன்றும் அவனைப் போய்ச் சேரவில்லை. அந்தச் சத்தத்துக்குள் அவன் தனியாகத்தான் கிடந்திருக்கிறான்.

மச்சாளிடம் இதை நான் சொல்லவில்லை. அடுத்த நாள் அவள் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். இடியப்பத்தையும் விடவில்லை.

இலையுதிர் காலத்தில் டொக்ரர் எங்கள் இருவரையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். தம்பியின் கண் திறந்துதான் இருக்கிறது. மூச்சு அவனே விடுகிறான். ஆனால் காதில் விழுகிற ஒலி மூளைக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கு எந்தச் சோதனையிலும் அடையாளம் இல்லை, இனி மாறும் என்று தான் நம்பவும் இல்லை என்றார். நல்ல மனிதர். மச்சாளுக்கு விளங்க வேண்டும் என்று சின்னச் சின்ன ஆங்கில வசனங்களாகப் பிரித்துச் சொன்னார். அவளுக்கு நன்றாகவே விளங்கியது. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அந்த வருடத்தின் கடைசி ஓட்டத்தன்று, அணியின் சாமான்களை ஏற்றிக்கொண்டு வரக் கூட்டாளி திடலுக்குப் போனான். நானும் வருகிறேன் என்றேன். சாமானுக்காக இல்லை. எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

காலை நேரம். படிகள் வெறுமையாகக் கிடந்தன. ஏணியில் ஏறினேன். செந்தாடிக்காரர் தனியாக நின்று தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். நான் சுகம் விசாரிக்க இடம் கொடுக்கவில்லை.

"முதலில் வயரைத்தான் கழற்றுவார்கள். உங்களுக்கு அது அப்போதே தெரியுமா?"

"தெரியும்," என்றார்.

"பிறகு ஏன் அவனுக்குக் கேட்கும் என்று சொன்னீர்கள்? நான் பொய்யை வைத்துக்கொண்டு இத்தனை மாதம்..." எனக்கு ஆங்கிலம் வரவில்லை. எந்தப் பாஷையும் வரவில்லை.

அவர் தொலைநோக்கியைக் கீழே வைத்தார். பிறகு கூரையின் முன்பக்க விளிம்பைக் காட்டினார். இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பி. அதற்கப்பால் சரிவாக ஒரு தகரம். அதற்குக் கீழே நாலு மாடி ஆழத்தில் கொங்கிறீற்.

"நீ ஏணிப் பக்கம் போகவில்லை," என்றார். "அந்தப் பக்கம் போனாய்."

நான் அவரைப் பார்த்தேன்.

"நேரே அவனிடம் போகப் பார்த்தாய். ஒரு கால் கம்பிக்கு மேலே போய்விட்டது. நான் கத்தினேன், உனக்குக் கேட்கவில்லை. இழுத்தேன், நீ என்னையும் இழுத்தாய். எப்படியோ உன்னைத் திருப்பினேன், ஆனால் விட்டால் திரும்பவும் போவாய் என்று தெரிந்தது. அவனுடன் பேச முடியும் என்று சொன்ன பிறகுதான் நின்றாய். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை."

எனக்கு இன்றுவரைக்கும் அது நினைவில் இல்லை. எவ்வளவு முயன்றாலும் ஏணிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவர் சொன்னபோது என் வலது முழங்காலின் உட்பக்கம் கிடந்த காயம் நினைவுக்கு வந்தது. அந்தக் கிழமை முழுக்க ஹொஸ்பிற்றல் கதிரையில் இருக்கும்போது அது வலித்துக்கொண்டே இருந்தது. எங்கே இடித்தேன் என்று நான் யோசிக்கவேயில்லை.

நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.  உண்மையைச் சொன்னால், அந்த நிமிசம் எனக்கு நன்றியும் இல்லை. விட்டிருக்கலாமே என்றுதான் இருந்தது. அதை அவர் என் முகத்தில் கண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

"இப்போது எப்படி இருக்கிறான்?" என்று கேட்டார்.

"அப்படியேதான்," என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் கீழே பயிற்சிக்குக் கார்கள் கிளம்பத் தொடங்கின. ஹெட்செற்றைப் போட்டுக்கொண்டு பட்டனை அமத்தி, "கேட்கிறதா?" என்றார். அவருடைய ஆளின் பதில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அது அவர் காதுக்குள் வந்து விழுந்ததை அவர் முகத்தில் பார்த்தேன். சாதாரணமான பதிலாகத்தான் இருக்கும். நான் ஏணியால் இறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் திடலுக்கு நான் போகவில்லை.

தம்பி இப்போது ஸ்காபரோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். கண் திறந்திருக்கும். யன்னல் பக்கம் திருப்பி வைத்தால் யன்னலைப் பார்ப்பான், சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் சுவரைப் பார்ப்பான். மச்சாள் தினமும் வேலை முடிந்து போவாள். நகம் வெட்டுவாள், காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள், தாடி வழிப்பாள். எல்லாம் செய்வாள், ஆனால் வெகுகாலம் ஒரு சொல் பேசினதில்லை. டொக்ரர் அந்த அறையில் சொன்ன நாளிலிருந்து அவள் அவனோடு பேசுவதை விட்டிருந்தாள். வீட்டிலும் பேச்சுக் குறைந்து, சாப்பாடு குறைந்து, போன பனிக்காலத்தில் அவள் வேலைக்குப் போவதையும் அடிக்கடி நிறுத்தத் தொடங்கினாள். ரெலிபோன் அடித்தால் எடுக்க மாட்டாள். நான் கார் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவேன். விளக்குப் போடாமல் இருட்டுக்குள் இருப்பாள். என்னைக் கண்டால் எழும்பிப்போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போடுவாள், அது கொதித்து நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவன் கட்டிலடியில் இருந்தோம். வெளியே உறைபனி மழை. அவள் அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். துணி கையிலிருந்து விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"மச்சாள்," என்றாள். "இவருக்குக் கேக்குமோ?"

அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சின்ன அறையில் நாங்கள் இருவரும்தான் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்டோம். நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் அவனில் இல்லை, என்னிலும் இல்லை. வெளியில் எங்கேயோ, வெகுதூரத்தில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் உண்மை என்ற ஒன்றை எடுத்து வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

"ஓம்," என்றேன். "கேக்கும். கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"வாயிலை வாறதைக் கதையுங்கோ. நிப்பாட்டாதையுங்கோ."

அவள் குனிந்து துணியை எடுத்தாள். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, வெளியே மழை உறைகிறது, பஸ் பிந்தித்தான் வந்தது, கீழ்வீட்டுக்காரர் மாறிப் போய்விட்டார்கள் என்று அவனிடம் சொல்லத் தொடங்கினாள். அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. நான் என் கையை அவள் தோளில் வைத்தேன், எடுக்கவில்லை.

இன்றும் அவள் பேசுகிறாள். நானும் பேசுகிறேன். அவனுக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு ஒவ்வொரு நாளும் தெரிகிறது, அதற்கு நான் இன்னும் பழகவும் இல்லை. அன்று கூரையில் பேசினது அவனைக் காப்பாற்றவில்லை, என்னை மட்டும்தான் காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்றப்பட்டதை ஒரு நல்ல காரியம் என்று என்னால் எல்லா நாளும் நினைக்க முடிவதில்லை. ஆனால் எனக்குக் காலை வணக்கம்கூடச் சொல்லாத ஒரு மனிதர் தன் முழுப் பாரத்தையும் என் தோளில் போட்டு என்னைப் பிடித்து இருத்தினார், அந்தக் கடனுக்காகவாவது மச்சாளின் தோளிலிருந்து என் கையை நான் எடுக்கக் கூடாது என்று மட்டும் தெரிகிறது.